வாடல் நோய் வருமா, வராதா? தெரியாமலே முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் புதிதாகத் தென்னந்தோப்புப் பொறுப்பை ஏற்கிறவர்கள் இப்போது நிறைய. அப்பாவுக்கு முடியவில்லை என்று கோவை வேலையை விட்டு வந்தவர்கள், பாகம் பிரித்ததில் மூன்று ஏக்கர் கைக்கு வந்தவர்கள், ஓய்வு பெற்றபின் நிலத்துக்குத் திரும்பியவர்கள். எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: கேரள வாடல் நோய் நம்ம தோப்புக்கு வருமா? வந்தால் எப்போது? இருக்கிற மரத்தை வைத்துக்கொள்வதா, வெட்டிவிட்டு வேறு நடுவதா?

வருமா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. ஆனால் அந்தப் பதில் இல்லாமலே ஒழுங்காக முடிவெடுக்க முடியும். அதற்கான முறைகள் உண்டு; பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. ஒரு தாள், பேனா, அப்புறம் முடிவில் பங்குள்ள எல்லாரும் ஒரு மாலை சேர்ந்து உட்காரும் நேரம் இருந்தால் போதும். கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் செய்யலாம்.

லாட்டரியும் தென்னையும்

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். கேரள அரசு 1967இல் லாட்டரியைத் தொடங்கியது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. அதனால்தான் எல்லை தாண்டியதும் சீட்டுக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. லாட்டரியில் அடுத்த சீட்டு விழுமா என்று தெரியாதுதான். ஆனால் எத்தனை சீட்டு, எத்தனை பரிசு என்று தெரியும். ஒரு சீட்டுக்குச் சராசரியாக எவ்வளவு திரும்பும் என்று வகுத்துப் பார்த்துவிடலாம். சீட்டு விலையைவிடக் குறைவாகத்தான் வரும். அங்கே வாய்ப்பை அளக்க ஓர் எண் இருக்கிறது.

தோப்பில் அந்த எண் இல்லை. அடுத்த பத்து வருடத்தில் நோய் வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று யாராவது ஓர் எண் சொன்னால், அது அவருடைய மனதிலிருந்து வந்த எண். இந்த இரண்டு நிலைமையும் வேறு வேறு என்று 1921இலேயே அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். லாட்டரிக்கு உரிய கணக்கைத் தோப்புக்குப் போடுவதும், கணக்கே போட முடியாது என்று கையை விரித்து நாலு பேர் செய்வதைச் செய்வதும், இரண்டுமே நஷ்டத்தில் கொண்டுபோய் விடும்.

படி 1: தெரிந்ததைத் தனியாக எழுதுங்கள்

"ஒண்ணுமே தெரியாதுங்க" என்று சொல்லும் இடத்தில்கூடப் பாதிக்கு மேல் தெரிந்திருக்கும். அதைப் பிரித்தாலே பயம் குறையும்.

நோயைப் பற்றித் தெரிந்தவை இவை. வாடல் நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதை ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகின்றன. ஓலை விரைப்பு இழந்து உள்பக்கமாக வளையும், மஞ்சளாகும், ஓரம் கருகும். மரம் சட்டென்று சாகாது. காய்ப்புதான் வருடத்துக்கு வருடம் இறங்கும். குணமாக்க மருந்து கிடையாது. தென்கேரளத்தில் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கும் நோய் இது. நல்ல உரம், தொழுவுரம், தண்ணீர், வட்டப்பாத்திப் பராமரிப்பு இருந்தால் நோய் வந்த மரமும் ஓரளவு காய்க்கும். வருடத்துக்கு பத்துக் காய்கூடத் தராத நோய் மரத்தை அகற்றச் சொல்கிறார்கள். காயங்குளத்தில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்திலிருந்து கல்பஸ்ரீ, கல்பரக்ஷா, கல்ப சங்கரா என்று நோயைத் தாங்கும் வகைகள் வந்திருக்கின்றன.

தண்ணீரும் முழு இருட்டு இல்லை. நம் பகுதி பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாய். கேரளத்துக்குள் இருந்தாலும் மழை குறைவு. ஆனால் மழைக்குப் பல வருடப் பதிவு இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே பரம்பிக்குளம்–ஆழியாறு நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி எல்லையோர மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு வரவேண்டும். எந்த மாதம் எவ்வளவு என்று இழுபறி நடந்தாலும், எழுதிய ஒப்பந்தம் ஒன்று இருப்பதே தெரியாததைக் கொஞ்சம் சுருக்கிவிடுகிறது. விலையிலும் அப்படித்தான்: கொப்பரைக்கு மத்திய அரசு ஆதார விலை அறிவிக்கிறது. சந்தை எங்கே போகும் என்று தெரியாவிட்டாலும் தரையாக ஓர் எண் கையில் இருக்கிறது.

இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் உண்மையிலேயே தெரியாதது: நோய் நம் வரப்பைத் தாண்டுமா, தாண்டினால் எந்த வேகத்தில். கீழே சொல்லும் முறைகள் இந்த மிச்சத்துக்கு மட்டும்தான். கேட்டால் கிடைக்கிற விஷயத்துக்கு இவற்றைப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 2: வழிகளை எழுதுங்கள், மூன்றுக்குக் குறையாமல்

"வெட்டுறதா வேண்டாமா" என்று இரண்டே வழி வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு வழி இருந்தால் ஆளுக்கொரு கட்சி ஆகிவிடும். மூன்றாவது, நான்காவது வழியைத் தேடிப் பிடித்து எழுதுங்கள். "இப்போதைக்கு அப்படியே விடுவது" என்பதும் ஒரு முடிவு. அதையும் எழுத வேண்டும்.

எல்லைக்கல்லின் எந்தப் பக்கம் நிலம் இருக்கிறது என்பதால் பட்டியல் மாறும். கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் மரத்தைக் கள் இறக்கக் குத்தகைக்கு விடலாம். மரத்துக்கு இவ்வளவு என்று வாடகை பேசிக்கொள்கிறார்கள். அதே ரகம், அதே மண், ஆனால் பொள்ளாச்சிப் பக்கம் அந்த வழி கிடையாது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அக்கரையில் மாமன் மச்சான் தோப்பு வைத்திருந்தால் அவர் செய்வதை அப்படியே செய்யாமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

இந்தக் கட்டுரைக்கு நான்கு வழி வைத்துக்கொள்கிறேன்: தோப்பை அப்படியே விடுவது, தென்னையை வைத்துக்கொண்டு இடையில் வாழை, கோகோ, ஜாதிக்காய் என்று ஊடுபயிர் போடுவது, பாதி மரத்தை எடுத்துவிட்டு நோய் தாங்கும் வகையை நடுவது, மொத்தத் தோப்பையும் ஒரே மூச்சில் வெட்டி மறுநடவு செய்வது. கள் குத்தகை முடிகிறவர்கள் அதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: என்னென்ன நடக்கலாம்

நடக்கக்கூடியவற்றை ஒன்றோடொன்று கலக்காமல் எழுத வேண்டும். இங்கே மூன்று: பத்து வருடத்தில் நோய் வரவில்லை; வந்து மெல்லப் பரவுகிறது; வந்து வேகமாகப் பரவுகிறது. "அப்படியெல்லாம் நடக்காது" என்று மோசமான கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அதை எழுதினால் அபசகுனம் என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். எழுதித்தான் ஆகவேண்டும், இந்த முறையின் உயிரே அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

படி 4: கட்டங்களை நிரப்புங்கள்

ஒவ்வொரு வழிக்கும், ஒவ்வொரு நிலைமைக்கும், பத்து வருடத்தில் செலவு போகக் கையில் நிற்பது எவ்வளவு என்று லட்சத்தில் எழுதுங்கள். கீழே உள்ள எண்கள் முறையைக் காட்ட நானாக வைத்துக்கொண்டவை. உங்கள் மரக்கணக்கு, கூலி, தண்ணீர், ஒவ்வொரு காய் வெட்டிலும் கிடைக்கும் காய் இவற்றை வைத்து உங்கள் எண்ணை நீங்கள்தான் போட வேண்டும்.

அப்படியே விடுவது: வராவிட்டால் 40, மெல்ல வந்தால் 22, வேகமாக வந்தால் 4.
ஊடுபயிர்: 36, 28, 12.
பாதி மறுநடவு: 20, 21, 18.
முழு வெட்டு: 8, 12, 15.

பைசா சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. எது பெரிது, எது சிறிது, சுமாராக எவ்வளவு இடைவெளி என்பது சரியாக இருந்தால் போதும்.

படி 5: எல்லாக் கட்டத்திலும் தோற்பதை அடித்துவிடுங்கள்

முழு வெட்டைப் பாதி மறுநடவுடன் வைத்துப் பாருங்கள். 8க்கு 20, 12க்கு 21, 15க்கு 18. எந்த நிலைமை வந்தாலும் முழு வெட்டு பின்தங்குகிறது. இதை அடிக்க எந்த வாய்ப்பும் தெரிய வேண்டியதில்லை. ஒரு வாதமும் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பொக்லைன் நிற்பதைப் பார்த்துப் பயந்து மொத்தமாக வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் படியிலேயே நின்று யோசிக்கலாம். (உங்கள் எண்களில் முழு வெட்டு ஏதாவது ஒரு கட்டத்தில் ஜெயித்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.)

படி 6: நான்கு விதிகளையும் கேட்டுப் பாருங்கள்

மிஞ்சிய மூன்று வழிக்குள் எதை எடுப்பது என்பதற்குப் பழைய விதிகள் நான்கு உண்டு.

பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் பெயரில் வழங்கும் விதி எளிமையானது. ஒன்றைவிட இன்னொன்று அதிகம் நடக்கும் என்று நினைக்கக் காரணம் இல்லாதபோது எல்லாவற்றையும் சமமாக வைத்துச் சராசரி எடு. அப்படியே விட்டால் 22, ஊடுபயிர் 25க்குச் சற்று மேல், பாதி மறுநடவு 20க்குச் சற்றுக் கீழ். ஊடுபயிர் ஜெயிக்கிறது. ஆனால் இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. நிலைமைகளை எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை ஆடும். "வேகமாக" என்பதையே "முதல் ஐந்து வருடத்தில்", "அடுத்த ஐந்தில்" என்று அதே எண்களோடு இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: அப்படியே விடுவது 17.5க்கு இறங்கி, 19.25 வாங்கும் பாதி மறுநடவுக்குக் கீழே போய்விடுகிறது. தோப்பில் ஒன்றும் மாறவில்லை. தாளில் கோடு போட்ட விதம்தான் மாறியது. அதனால் இந்தச் சராசரியை மட்டும் நம்பி நான் எதையும் செய்யச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது விதி புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்டுடையது. ஒவ்வொரு வழியிலும் மிக மோசமான கட்டத்தைப் பார். அந்த மோசங்களில் எது மேலோ அதை எடு. 4, 12, 18. பாதி மறுநடவு ஜெயிக்கிறது. வால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்த யூதர். நாஜிகள் கையிலிருந்து தப்பி அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1950இல் இந்திய அரசின் அழைப்பில் இங்கே விரிவுரை ஆற்ற வந்திருந்தபோது, டிசம்பர் 13ஆம் தேதி அவர் வந்த விமானம் நீலகிரி மலையில் மோதியது. அவரும் மனைவியும் இறந்தார்கள். அவருக்கு வயது 48. கோவையிலிருந்து வடக்கே பார்த்தால் தெரியும் அதே மலைதான். மோசமான கட்டத்தை முகத்துக்கு நேரே பார்க்கச் சொன்ன மனிதர் நம் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் முடிந்துபோனார் என்பது இங்கே பலருக்கும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது அமெரிக்கப் புள்ளியியலாளர் லியோனார்ட் சாவேஜ் 1951இல் சொன்னது. இதைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு நிலைமையிலும், "அடடா, இதைச் செய்திருந்தால்" என்று எவ்வளவு வருந்துவோம் என்று கணக்கிடு; அதிகபட்ச வருத்தம் எதில் குறைவோ அதை எடு. நோய் வராத கட்டத்தில் சிறந்தது 40. அப்படியே விட்டவருக்கு வருத்தம் 0, ஊடுபயிர்க்காரருக்கு 4, பாதி வெட்டியவருக்கு 20. மெல்ல வந்தால் சிறந்தது 28: வருத்தங்கள் 6, 0, 7. வேகமாக வந்தால் சிறந்தது 18: வருத்தங்கள் 14, 6, 0. ஒவ்வொருவருடைய பெரிய வருத்தம் 14, 6, 20. ஊடுபயிர் ஜெயிக்கிறது.

நான்காவது லியோனிட் ஹர்விக்ஸுடையது (2007இல் பொருளியல் நோபல் பெற்றவர்). உன் நம்பிக்கை எவ்வளவு என்று நீயே சொல். நல்ல கட்டத்துக்கு அந்தப் பங்கும் மோசமான கட்டத்துக்கு மிச்சமும் கொடு என்றார். முக்கால் நம்பிக்கை உள்ளவருக்கு அப்படியே விடுவது 31, ஊடுபயிர் 30. அரை நம்பிக்கைக்கு ஊடுபயிர் 24உடன் முன்னால். கால் நம்பிக்கைக்கு பாதி மறுநடவு 18.75, ஊடுபயிர் 18. ஒரே தோப்பு, ஒரே எண்கள், மூன்று விடை. வீட்டில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு விடையில் நின்றால் யாரும் முட்டாள் என்று அர்த்தமில்லை. இருவருடைய நம்பிக்கைப் பங்கும் வேறு. அதைத் தெரிந்துகொண்டால் பேச்சு சண்டையாகாது. அதற்காகவே இந்த விதி எனக்குப் பிடிக்கும்.

விதிகள் மோதுவது நம் எண்களின் கோளாறில்லை. நியாயம் என்று நாம் எதிர்பார்க்கும் எல்லா நிபந்தனைகளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் விதி கிடையாது என்று கணிதவியலாளர் ஜான் மில்னர் 1954இல் காட்டிவிட்டார். அதனால் எந்த விதி எந்த இடத்துக்கு என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

படி 7: கோடு போடுங்கள்

என் வரிசை இதுதான்: முதலில் வால்டு, அதுவும் ஓரளவுக்கு மட்டும், அப்புறம் சாவேஜ்.

வால்டு விதியை முழுதாகப் பிடித்துக்கொண்டால் நல்லது நடக்கும் வாய்ப்பையெல்லாம் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்போம். ஆனால் சில மோசங்கள் திரும்ப எழுந்திருக்க விடாதவை. ஆகவே ஒரு கோடு. இதற்குக் கீழே போனால் குடும்பம் தாங்காது என்ற எண். அதைக் கண்டுபிடிக்கப் பெரியவர்களிடம் "உங்களால் எவ்வளவு நஷ்டம் தாங்க முடியும்" என்று கேட்காதீர்கள், "பார்த்துக்கலாம்" என்பார்கள். நடந்துவிட்டது என்று வைத்து, என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் பேச்சு இப்படிப் போகும்:

"மாமா, மோசமாவே போச்சுன்னு வைங்க. பத்து வருஷத்துல மொத்தமே நாலு லட்சந்தான் நிக்குது. என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது கண்ணு, சொசைட்டிக் கடன் அப்படியே நிக்கும். கிழக்கால இருக்கிற ஏக்கரை வித்துத்தான் ஆகோணும்."

"அதை வித்துட்டா?"

"கெணறு அதுலதான இருக்குது. அப்புறம் மிச்சத்துக்குத் தண்ணிக்கு எங்க போறது?"

கோடு கிடைத்துவிட்டது. கடனும் கிணறும் சேர்ந்து பத்து லட்சத்தில் கோடு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே விடும் வழியின் 4 அதற்குக் கீழே போகிறது. நல்ல கட்டத்தில் 40 கிடைக்கும் என்றாலும் அந்த வழி அடிபடுகிறது. மிஞ்சிய இரண்டும் கோட்டுக்கு மேல். அவற்றுக்குள் வருத்தக் கணக்கு: ஊடுபயிருக்கு 6, பாதி மறுநடவுக்கு 20. (வழியை நீக்கியபின் வருத்தத்தை மறுபடி போட வேண்டும்: இப்போது வராத கட்டத்தில் சிறந்தது 36, ஆகவே 6க்கு 16. விடை மாறவில்லை.) இந்த வீட்டுக்கு ஊடுபயிர்.

வேறு வருமானம் உள்ள வீட்டில் கோடு இரண்டு லட்சத்தில் இருக்கலாம். அவர்களுக்கு முதல் வழியும் நிற்கும். தோப்பைத் தவிர ஒன்றுமில்லாத வீட்டில் கோடு பதினைந்தில் இருந்தால் பாதி மறுநடவு மட்டும்தான் தேறும். அங்கே வால்டு சொல்வதுதான் சரி. பக்கத்துப் பக்கத்து வரப்பில் ஒரே ரகம் வைத்திருப்பவர்கள் வேறு வேறு முடிவு எடுப்பது இதனால்தான் நியாயமாகிறது.

படி 8: கேள்விப்படுவதில் கவனம்

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களுக்கு எங்கே கவசம் போடுவது என்ற கேள்வியையும் வால்டு ஆராய்ந்தார். திரும்பி வந்த விமானங்களில் எங்கே ஓட்டை அதிகமோ அங்கே போடலாம் என்று தோன்றும். அந்த இடங்களில் அடிபட்டும் அவை திரும்பி வந்துவிட்டன. ஓட்டை காணப்படாத இடத்தில் அடிபட்டவை திரும்பவே இல்லை. அங்கேதான் கவசம் வேண்டும்.

தோப்புப் பேச்சிலும் இதேதான். வேலந்தாவளம் சந்தையில் "நான் துணிஞ்சு போட்டேன், ஜெயிச்சேன்" என்று சொல்ல வருகிறவர் நின்றவர். நிற்காதவர் நிலத்தை விற்றுத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார். அவரிடம் யாரும் கேட்பதில்லை. 2003 வாக்கில் வெனிலா விலை உச்சத்தில் இருந்தபோது கேரளத்தில் எத்தனையோ தோட்டங்களில் கொடி ஏறியது. அடுத்த ஓரிரண்டு வருடத்தில் விலை விழுந்தது. முதலில் நட்டு முதலில் விற்றவர் கதை மட்டும்தான் டீக்கடையில் மிஞ்சியது. ஆகவே ஊடுபயிர் பற்றி விசாரிக்கும்போது ஜாதிக்காய் போட்டு எடுத்துவிட்டவர் யார், ஏன் எடுத்தார் என்று தேடிப் போய்க் கேளுங்கள். தண்ணீர் குறைந்த எருத்தேம்பதிப் பக்கத்துக்கு ஒரு பதிலும் ஆனைமலை அடிவாரத்துக்கு வேறு பதிலும் கிடைக்கும்.

இன்னொரு சறுக்கல். அமெரிக்கப் பொருளியலாளர் டேனியல் எல்ஸ்பெர்க் 1961இல் காட்டியது: ஒரு பானையில் 90 உருண்டை, 30 சிவப்பு, மீதி 60 கறுப்பும் மஞ்சளும் தெரியாத கலவையில். எந்த நிறத்தின் மேல் பந்தயம் என்றால் பெரும்பாலோர் சிவப்பைப் பிடிக்கிறார்கள், எண்ணிக்கை தெரியும் என்பதால் மட்டும். இது மனித இயல்பு. வியாபாரி வந்து மொத்தத் தோப்புக்கும் மூன்று வருடத்துக்கு ஒரே விலை பேசினால் நெஞ்சு உடனே சரி என்னும். அது நல்ல விலையா, வெறுமனே தெரிந்த விலையா? பட்டியலில் ஒரு வரிசையாக எழுதிக் கோட்டையும் வருத்தத்தையும் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

படி 9: தகவலுக்கு எவ்வளவு செலவிடலாம்

வருத்தக் கணக்கு இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது. முதலில் போட்ட கணக்கில் ஊடுபயிரின் வருத்தங்கள் 4, 0, 6. எதிர்காலம் முழுதாகத் தெரிந்தாலும் கூடுதலாகக் கிடைக்கக்கூடியது அதிகபட்சம் ஆறு லட்சம்தான். மெல்ல வரும் என்று தெரிந்தால் ஒரு பைசாகூட அதிகமாகாது. எந்தப் பதில் வந்தாலும் நம் முடிவு மாறாது என்றால் அந்தக் கேள்விக்குப் பணமும் மாதங்களும் செலவிட வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கும் தகவலை விடக் கூடாது. காற்று வரும் திசையில் உள்ள தோப்புகளைச் சுற்றி நடந்து ஓலை வளைவதைப் பாருங்கள். சந்தேக மரத்தைப் பற்றிக் கிருஷி பவனில் (கேரள அரசின் வேளாண் அலுவலகம்) சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சத்துக் குறைவாலும் ஓலை மஞ்சளாகும், வெள்ளை ஈயாலும் மரம் சோர்ந்து நிற்கும். எல்லாமே வாடல் நோய் என்று முடிவு கட்டி மரத்தில் கோடாலி வைப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

படி 10: திரும்ப முடியாததைக் கடைசியில் செய்யுங்கள்

வெட்டிய மரம் திரும்பாது. நெட்டை ரகம் நட்டால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு வருடம். வாழையோ ஒரு வருடத்தில் பலன் காட்டும், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். இரண்டு வழி கிட்டத்தட்டச் சமமாக நின்றால், பின்னால் மாற்றிக்கொள்ள விடுவதை எடுங்கள்.

காத்திருப்பதும் இலவசமில்லை. நோய் தாங்கும் தென்னம்பிள்ளையை இன்று நடாத வருடம் காய்ப்பில் ஒரு வருடத் தாமதம். இரண்டையும் சேர்க்க ஒரு வழி: பழைய மரத்தை வெட்டாமல், காய்ப்பு ஏற்கெனவே குறைந்த ஓர் ஓரத்தில் மட்டும் காலி இடத்தில் கொஞ்சம் புதுப் பிள்ளை வைப்பது. நாற்றை நம்பகமான இடத்தில் வாங்குங்கள்; பெயர் சொல்லி வேறு ரகத்தைக் கொடுப்பவர்கள் உண்டு. வேகமாக நோய் வந்தால் அந்தப் புதுப் பிள்ளைகள் கைகொடுக்கும். வராவிட்டால் போனது சொற்பம்.

படி 11: எழுதி வையுங்கள்

தேதி, வழிகள், கட்ட எண்கள், கோடு எங்கே, ஏன் அங்கே, யார் யார் ஒப்புக்கொண்டார்கள். ஒரு பக்கம் போதும். அதோடு, எந்த அடையாளம் தெரிந்தால் அடுத்த நடவடிக்கை என்பதை இன்றைக்கே எழுதுங்கள்: வருடக் காய் பத்துக்குக் கீழே போகும் நோய் மரம் எடுக்கப்படும், நம் வரப்புக்கு அடுத்த தோப்பில் நோய் உறுதியானால் இரண்டாவது ஓரத்திலும் புதுப் பிள்ளை வைக்கப்படும், ஒரு வருடத்தில் மரங்களில் பத்தில் ஒரு பங்கு ஓலை வளைந்தால் எல்லாரும் மறுபடி உட்கார வேண்டும். (பத்தில் ஒரு பங்கு என்பது நான் வைத்துக்கொண்ட அளவு, உங்களுடையதை நீங்கள் வையுங்கள்.) பயம் வந்த நாளில் எடுக்கும் முடிவைவிட அமைதியாக இருந்த நாளில் எழுதியது நல்லதாக இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை, காய்ப்பு குறைந்து கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் மாதமாகப் பார்த்து, அந்தத் தாளை எடுத்து எண்களைத் திருத்துங்கள். புதிய ரகம் வெளிவந்தாலோ, குத்தகைக்கு யாராவது கேட்டாலோ அதைத் தனியாக யோசிக்காமல் புதிய வரிசையாகச் சேர்த்து வருத்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். ஒரு வழி கூடினாலும் குறைந்தாலும் மற்றவற்றின் வருத்தமும் மாறும். நோய் வராமலே போய், ஊடுபயிர்க்காரர் நாலு லட்சம் குறைவாக எடுத்தார் என்றால் வீட்டில் யாராவது குத்திக்காட்டலாம். அப்போது அந்தத் தாளை எடுத்து, கோடும் கையெழுத்தும் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.